பபூன் சிவனாண்டி டிவியில் வந்த அன்று

திருமங்கலம்
20.3.88

அன்பு மகள் மலையம்மாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்கத் திருப்பரங்குன்றத்து முருகன் துணையிருக்க வேண்டும். மனசைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

மெட்ராஸ் டிவியில் நாடகக்காரர்களை வாராவாரம் அறிமுகப்படுத்திப் பேச, பபூன் வேஷத்திலேயே என்னைக் கூப்பிட்டதை எழுதியிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் பபூன் வேஷம் கட்டியவனுக்கு இதுவாவது வந்ததே என்று குதித்தேன், பங்குனித் திருவிழாத் நாடகத் தேதிகளை எல்லாம் இன்னொரு பபூன் கண்ணுச்சாமிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனேன். அங்கே எதிரில் ஒரு ஜனம் இல்லை, காமிராவும் விளக்கும்தான். மேடையில் நான் ஒன்று சொன்னால் ஜனம் சிரிக்கும், அது அடங்கின பிறகுதான் அடுத்ததைச் சொல்வேன். அந்தப் பழக்கம் போகவில்லை ஆத்தா, ஒவ்வொன்றுக்கும் நின்றேன். நிற்காமல் பேசச் சொல்லி சைகை காட்டினார்கள், வாய் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அதைப் போட்டார்கள். எதிர்வீட்டு வெள்ளைத்துரையின் டிவி முன்னால் தெருவே கூடியிருந்தது, உன் அம்மா பட்டுச்சேலை கட்டி முன்னால் உட்கார்ந்தாள். பபூன் பேச்சு பச்சையாக இருக்கும், வீட்டுப் பெண்கள் வரக்கூடாது என்று நான்தானே தடுத்து வைத்திருந்தேன். அவள் என்னை வேஷத்தில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. டிவிக்குள் நான் சொல்கிறேன், நிற்கிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாள், “இம்புட்டுத்தானா? இதுக்கா சனம் விடிய விடிய உக்காந்து கெடந்துச்சு?” கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. இனி வர வேண்டாம் என்று டிவிக்காரர்களும் கடிதம் போட்டுவிட்டார்கள். கண்ணுச்சாமியிடம் தேதியைத் திருப்பிக் கேட்க நாக்கு எழவில்லை, கேட்டாலும் மேடையேற இனி எனக்குத் தைரியமில்லை. அவளுக்குக் காட்ட வேறு ஒன்றுமே என்னிடம் இல்லை.

உனக்கு ஒன்பது வயதில், அம்மாச்சி ஊரான பரவையில் நான் நடித்தபோது, எனக்குத் தெரியாமல் வந்து கூட்டத்தில் உட்கார்ந்தாய். உன் சிரிப்பு மேடைக்குக் கேட்டது. மறுநாள் உன்னைப் புளிய விளாறால் அடித்தேன், அதை மனசில் வைக்காதே. நம் வீட்டில் என்னை மேடையில் பார்த்தவள் நீ ஒருத்திதான். அன்றைக்கு எப்படிச் சிரித்தாய் என்று அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போடு.

பிள்ளைகளை வெயிலில் விடாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள். கார்டை மறந்துவிடாதே ஆத்தா. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, வாசித்துக் காட்டப்போகிறவன் நான்தான், அதனால் உள்ளதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதிவிடாதே.

உன் அப்பா
சிவனாண்டி