மே கடைசி வரை

ஜனவரி 8

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் குட்டியும் நலமா? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. இந்தச் சேதியைப் போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே வைத்திருப்பீர்கள்.

ஏப்ரலில் பட்டம் கிடைக்காது. துறை அலுவலகத்து அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் மதிப்பெண்களைப் பார்த்தார். பத்திரிகைச் சட்டம் ஆயிற்று, புள்ளியியல் ஆயிற்று, புகைப்படப் பாடம் ஆயிற்று. "எடிட்டிங்ல சி மைனஸ் வாங்கியிருக்கீங்களே" என்றார். "அது பாஸ்தானேங்க?" என்றேன். "மத்த பாடம்னா பாஸ். இதழியல் பாடம்னா 'சி'க்குக் கீழ போகக் கூடாது. திரும்பப் படிக்கணும்."

வாரப்பத்திரிகையில் ஒன்பது வருடம் பிழை திருத்தியவள் எடிட்டிங்கில் தேறவில்லை. ஏதாவது ஓர் அறிவியல் பாடம் படித்தே ஆகவேண்டும் என்று பாறைகளைப் பற்றிப் படித்தேனே, அதில் ஏ. கல்லைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் என்னைக் கேளுங்கள்.

ஆக, எடிட்டிங்கை மறுபடி படிக்க வேண்டும், கூடவே இறுதிக் கட்டுரையை மே கடைசியில் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒழுங்காக முடிந்தால் ஜூனில் வீடு. கட்டுரையில் ஐந்து பேராவது சொந்தப் பெயரோடு பேச வேண்டும். உறவினர் சொன்னதைச் சேர்க்கக் கூடாது. துறை படிக்கும்வரை வெளியில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. எதைப் பற்றி எழுதுவது என்றே இன்னும் தெரியவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்கிறார்கள். அலுப்பாக இருக்கிறது.

உங்கள்
மாணவி

ஜனவரி 19

அன்புள்ள அம்மணிக்கு,

போன வருடம் டிசம்பர் போய் ஏப்ரல் வந்தது. இப்போது ஏப்ரல் போய் ஜூன் வந்திருக்கிறது. நிருபர் வேலைக்குப் பட்டம் வேண்டும் என்று உன் பத்திரிகைக்காரர்கள் கையை விரித்தபோது, "போய்ப் படி, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்தான். அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். குட்டி மட்டும், "பத்தாவது நான் முதல்ல முடிப்பேனா, அம்மா முதல்ல முடிப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். பந்தயம் கட்டாதே என்று சொல்லிவைத்தேன்.

வாஷிங் மெஷின் சுற்றுகிறது, பிழிய மாட்டேன் என்கிறது. நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வையை முறுக்குகிறோம்.

எங்கள் குடிநீர் நிலையம் அதற்கு மேல். குளோரின் கலக்கும் பம்ப் மழைக்காலத்தில் படுத்தது, இன்னும் எழவில்லை. வாளியில் கரைத்துக் குத்துமதிப்பாக ஊற்றுகிறோம். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், ஒரு நாள் மருந்தே வந்திருக்காது. "எப்பவும் எழுதற அளவையே எழுதிடுங்கப்பா" என்கிறார் இன்ஜினியர். பதிவேட்டில் அப்படியே எழுதுகிறோம். நம் வீட்டில் காய்ச்சித்தான் குடிக்கிறோம், நீ கவலைப்படாதே.

உன்
வீட்டுக்காரன்

பிப்ரவரி 1

அன்புள்ள உங்களுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு ஊரே குடிக்கிற தண்ணீர், வாளிக் கணக்கில் மருந்து. இதைவிடப் பெரிய செய்தி எனக்கு எங்கே கிடைக்கும்?

உங்கள் பெயர் வராது. உறவினர் கூடாது என்று விதியே இருக்கிறது. அங்கே வேறு யார் வாயைத் திறப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இதை முடித்துவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்கும் இங்கே தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வெறுத்துவிட்டது.

உங்கள்
மனைவி

பிப்ரவரி 10

அம்மணி,

நான் பெண்டாட்டிக்கு எழுதினேன், பத்திரிகைக்கு எழுதவில்லை. பெயர் போடாவிட்டால் மட்டும் யாருக்கும் தெரியாதா? நீ யார் மனைவி என்று ஊருக்கே தெரியும். வேறு விஷயம் பார். குட்டிக்குப் பரீட்சை நெருங்குகிறது, கணக்கில் தடுமாறுகிறாள்.

வீட்டுக்காரன்

மார்ச் 14

அம்மணி,

இன்று தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் வால்வுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன அண்ணே, அக்கா வந்துட்டுப் போயிட்டாங்க போல. என்னை நல்லாக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. வீட்ல கறிக்குழம்பா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் நீ தங்கியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கட்டுரை எழுதியதற்காக நான் இதை எழுதவில்லை. என் பேச்சை நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். சொந்த ஊருக்கு வந்து, பெற்ற பெண்ணைப் பார்க்காமல் எப்படித் திரும்பிப் போனாய்? குட்டியிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்காரன்

மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டுக்கு வந்திருந்தால் உங்களிடம் கேட்காமல் இருந்திருக்க மாட்டேன். நீங்களும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டீர்கள். பிறகு கட்டுரை முழுக்க உங்கள் பேச்சாகிவிடும், பேராசிரியர் தூக்கி எறிந்துவிடுவார். அதற்குப் பயந்துதான் லாட்ஜில் தங்கினேன். நம் தெருமுனைவரை வந்தேன். கொடியில் குட்டியின் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பிழியாமல் போட்டிருந்தீர்கள், சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

ஐந்து பேர் பெயரோடு பேசியிருக்கிறார்கள். வால்வுக்காரர், மருந்து இறக்கும் லாரி டிரைவர், ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னும் இரண்டு பேர். "இதுதான் கட்டுரை. மே கடைசி வரைக்கும் யார் கண்ணுலயும் காட்டாதீங்க" என்றார் பேராசிரியர். எடிட்டிங்கிலும் இந்தமுறை பி வரும் போலிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மனைவி

ஏப்ரல் 18

அன்புள்ள அம்மணிக்கு,

பள்ளத்துத் தெருக்களில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. குட்டியோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனோம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அம்மா என்னைப் பார்த்து, "தண்ணி நல்லாத்தானே அண்ணே வருது? நீங்கதானே அங்க இருக்கீங்க" என்று கேட்டாள். குட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேராக நாளிதழ் ஆபீசுக்குப் போய், என் பெயரையே போட்டு எழுதச் சொன்னேன். போன வாரம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. உன் படிப்பைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. நீ மார்க்குக்காகக் காத்திருந்தாய், நான் வேலை போய்விடுமோ என்று பயந்திருந்தேன். இரண்டு பேரும் தெரிந்தே சும்மா இருந்திருக்கிறோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மே 6 விசாரணை. பம்ப் நன்றாகத்தான் ஓடியது, இவனுக்கு என்மேல் பழைய வன்மம் என்கிறார் இன்ஜினியர். கூட வேலை செய்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வால்வுக்காரர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். அந்தப் பெண் தேறிவருகிறாள்.

எப்போது முடியும் என்று இனி உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வீட்டுக்காரன்

ஏப்ரல் 27

அன்புள்ள உங்களுக்கு,

அந்த நாளிதழை இங்கே நூலகத்தில் பார்த்தேன். முதலில் உங்கள் நினைப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் நினைப்பும் வரவில்லை. ஐயோ, என் கட்டுரை போயிற்றே என்றுதான் நினைத்தேன். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

போகவில்லை என்றார் பேராசிரியர். "அதுல ஒருத்தர் பேச்சுதான் இருக்கு. உங்ககிட்ட அஞ்சு பேர் பேசியிருக்காங்க. மே கடைசி வரைக்கும் மூடி வைங்க, பாஸ் போட்டுடலாம்." இரண்டு நாள் நானும் மூடித்தான் வைத்திருந்தேன். மே 6 அன்று நீங்கள் அவர்கள் முன்னால் ஒண்டியாக நிற்பீர்கள் என்ற நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்து பேரிடமும் போனில் கேட்டேன். நீங்கள் சொன்னதை விசாரணையில் கொடுக்கட்டுமா என்றேன். நான்கு பேர் உடனே சரி என்றார்கள். வால்வுக்காரர், "அண்ணன் மூஞ்சில முழிக்க முடியலக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, கொடுங்கள் என்றார். கட்டுரையையும் அவர்கள் பேசிய பதிவுகளையும் விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு நகல் நாளிதழுக்கும் போயிருக்கிறது.

துறை அலுவலகத்து அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "அப்போ இந்தத் தடவை இல்லம்மா. அடுத்த வருஷம் வேற கட்டுரை" என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி யோசிக்கவே இப்போது தெம்பில்லை.

ஐந்தாம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறேன். நேராக வீட்டுக்கு. நான் மார்ச்சில் வந்துவிட்டுப் போனதைக் குட்டியிடம் நானே சொல்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். மறுநாள் விசாரணை அறைக்குள் என்னை விடமாட்டார்கள். வெளியே பெஞ்சு போட்டிருப்பார்கள் அல்லவா, நீங்கள் வரும்வரை அதில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள்
மனைவி