ஏல வீட்டில் ஒரு காபி

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஏல வீடு வாங்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் திட்டுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வங்கி ஏலம் விடும் வீட்டை முதலில் நேரில் பார்க்க வேண்டுமாம். நேற்று கொடைரோட்டில் ஒன்றைப் பார்த்தேன். கடன் கட்ட முடியாத குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "மோட்டாரை ரெண்டு தடவை போட்டாத்தேன் தண்ணி ஏறும். மழைன்னா வடக்குச் சன்னலைச் சாத்திப்புடுங்க" என்றார்.

நல்ல வீடு. ஏலம் கேட்கத்தான் போகிறேன். நீங்கள் வேண்டாமென்றாலும் கேட்பேன்.

நான்கு வருடத்துக்கு முன் நம் வீடு ஏலத்துக்கு வந்தபோது, பார்க்க வந்த பெண்ணுக்கு நான் கதவைத் திறக்கவில்லை. வெயிலில் நின்று அவள் தண்ணீர்தான் கேட்டாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா