தேங்காய்ச் சோறு 97

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிரியாணிக் கடை வரிசையில் நின்றபடியே ஃபோனைப் பார்த்தேன். காலையில் போட்ட குரல் பதிவுக்கு நூற்றுப் பதினான்கு சிரிக்கும் மூஞ்சிகள். முன்னால் நின்ற ஆளிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். காட்டினேன். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் எங்கள் சர்ச் பங்குக் குழு. கத்தார், சிங்கப்பூர், கனடா என்று போய்விட்ட பிள்ளைகளுக்காக ஞாயிறுதோறும் நம் ஊர்ப் பயணங்களையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசிப் போடுகிறேன். கொடைரோடு ஸ்டேஷனில் திராட்சை தின்ற மும்முரத்தில் ரயிலை விட்டது, பழனியிலிருந்து பஞ்சாமிர்த டப்பா திறந்துகொண்டு பஸ் முழுக்க எறும்போடு வந்தது. கேட்டுவிட்டு அங்கே அழுகிறார்கள். "ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரி இருக்குண்ணே" என்கிறார்கள். மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊரில் என்னிடம் செட் எடுத்தால் வாய் இலவசம். இவர்களுக்கு வாய் மட்டும்.

இன்றைக்குப் போட்டது என் ராசியான கதை. 1997 வேளாங்கண்ணிப் பயணம். லூர்தம்மாள் அக்கா கிண்டிய தேங்காய்ச் சோறு, தஞ்சாவூர் தாண்டியதும் நாற்பத்திரண்டு பேர் வயிறு, ஒரே ஒரு கருவேலங்காடு. எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! அக்காவே முன் வரிசையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

கிளாரா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் எத்தன வருசத்துக்குத்தான் அந்தக்காவையே போட்டு வறுப்பீங்க? வேற ஆளே சிக்கலையா?"

பெண்டாட்டிக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்று சொல்லிவிட்டு பிரியாணியைப் பிரித்தேன்.

ஆகஸ்ட் 9

ஆனந்தி கடைக்கு வந்தாள். லூர்தம்மாள் அக்கா மகள். சும்மா வருகிற பெண் இல்லை.

நாலு மாதமாக அவள் வேனில் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு செய்து தருகிறாள். புளிச்சோறு, லெமன், தயிர், தொட்டுக்க உருளைக்கிழங்கு வெஞ்சனம். கொடைக்கானல் போகும் வேன், பழனி வேன் என்று சின்னச் சின்னதாக எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது எங்கள் பங்கிலிருந்துதான். செப்டம்பர் வேளாங்கண்ணிப் பயணம், ரெண்டு வேன். ஏற்பாடு ராயப்பராஜ்.

"ஆர்டர வேணாம்னுட்டாங்க மாமா."

"யாரு? ராயப்பராஜா? அவன நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசித்தான் போச்சு." கோபமே இல்லாமல் சொன்னாள். "உங்க ஆடியோவ எல்லாரும் கேட்டுட்டு, அந்த வீட்டுச் சோறா? வேணவே வேணாம்னு பொம்பளைங்க சொல்லிட்டாங்களாம். ராயப்பராஜ் அண்ணன் என்ன பண்ணுவாரு? பழனி வேன் ஒண்ணும் நேத்து கேன்சல். நல்லாத்தான் பேசியிருந்தீங்க. அம்மாவும் கேட்டுச்சு."

"அக்கா என்ன சொன்னுச்சு?"

"சிரிச்சுச்சு. எப்பவும் சிரிக்கத்தான செய்யும்."

அவளுக்கு டீ சொன்னேன். குடிக்காமல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குரல் பதிவு போடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

எழுதித் தொலைக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக எழுதாததை.

சோற்றைக் கெடுத்தது லூர்தம்மாள் அக்கா இல்லை. நான்.

வழிச்சோறு கட்டுவதில் விஷயமே ஆறவிடுவதுதான். வடித்து, தாளித்ததைப் போட்டுக் கிளறி, பாய்மேல் வேட்டியை விரித்துப் பரப்பி, சுத்தமாகச் சூடு போன பிறகுதான் அண்டாவில் அள்ள வேண்டும். தேங்காய்ச் சோறு என்றால் ரொம்பவே, சூட்டோடு மூடினால் ஊசிப்போகும். அன்றைக்கு அக்கா ராத்திரியெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு, விடிந்ததும் குளிக்கப் போனது. போகும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே ஆல்வினு, உள்ளங்கைய வச்சுப் பாரு. செத்த நேரம் ஆகட்டும். சூடு இருந்தா அள்ளாத, என்ன?"

உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. அந்த நேரத்தில் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

பஸ்ஸில் மூன்றாவது வரிசையில், சின்னாளப்பட்டிச் சுங்குடித் தாவணியில், தன் அத்தை வீட்டுக்கு வந்திருந்த கிளாரா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின் சீட்டு காலி. அதற்குமேல் ஒரு இருபத்தொரு வயது மடையன் என்ன யோசிப்பான்? கொதிக்கக் கொதிக்க அள்ளி, அமுக்கி, தட்டைப் போட்டு மூடி, துணியைச் சுற்றிக் கட்டி, தூக்கி ஏற்றிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

பூண்டி மாதா கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு அண்டாவைத் திறந்தோம். லேசாக ஒரு நெடி. பசியில் யார் முகர்ந்து பார்க்கிறார்கள்? அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இத்தனை வருடம் மைக்கில் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவை அதன் பிறகு யாரும் சமையலுக்குக் கூப்பிடவில்லை. அதுவரைக்கும் எங்கள் பங்கில் புதுநன்மை விருந்து, நிச்சயதார்த்தம் எல்லாம் அதன் கைதான். நான் வாயைத் திறந்திருந்தால்? முதல் வாரம் பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் விளையாட்டாக அந்தக் கதையை எடுத்துவிட்டேன், பந்தலே குலுங்கியது. அதோடு முடிந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

த்தூ.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்புத் திருநாள். நல்ல நாளாக இருக்கட்டும் என்று குழுவில் உண்மையைப் பேசிப் போட்டேன். ஏழு நிமிடம்.

நூற்று அறுபது சிரிக்கும் மூஞ்சிகள்.

"அண்ணே, பழசவிட இது சூப்பர்!"

"கடைசில அழுத மாதிரி பேசினீங்க பாருங்க, சான்சே இல்ல."

கத்தார்க்காரன் ஒருவன் அதை வேறு நாலு குழுவுக்கு அனுப்பியிருக்கிறான். 'நெசமாத்தான்டா சொல்றேன்' என்று எழுதினேன். அதற்கும் சிரிக்கிறார்கள்.

எல்லோரையும் அப்படிப் பழக்கி வைத்தது யார்?

ஆகஸ்ட் 16

கிளாரா கேட்டுவிட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நெசமா?" என்றாள்.

"ஆமா."

"எனக்குப் பின்னாடி உக்காரவா?"

தலையாட்டினேன்.

"நான் திருச்சி தாண்டுறதுக்குள்ள வாந்தி வருதுன்னு டிரைவர் பக்கத்துல போயி உக்காந்துட்டேன். உங்கள நான் பாக்கவே இல்ல."

சிரிக்க வேண்டிய இடம். ரெண்டு பேருமே சிரிக்கவில்லை. அவளும்தான் அந்தச் சோற்றைத் தின்று சுருண்டு கிடந்தவள். தட்டை எடுக்கும்போது சொன்னாள். "அக்காகிட்டப் போயி சொல்லுங்க. மைக் இல்லாம."

ஆகஸ்ட் 18

அக்கா வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். முக்குக் கடையில் அரைக்கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் இப்போது இரண்டு கிலோ மிக்சர் இருக்கிறது. ஆமாம், நாலாவது தடவை.

ஆகஸ்ட் 20

சொல்லிவிட்டேன்.

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. "வாப்பா, என்ன அதிசயமா இருக்கு? ஏதும் கூட்டமா?" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்தது. போன வாரப் பதிவு அதன் காதுக்கு எட்டவில்லை போல. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அலங்காரம் பண்ணாமல் பேசியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பேச்சு ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

திட்டும் என்று நினைத்தேன். கீரையைக் கொண்டு முகத்தில் எறிந்தால்கூடத் தேவலை. அக்கா ஒன்றே ஒன்று கேட்டது.

"அப்ப தேங்கா நல்லாத்தான் இருந்துச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"மிக்கேலு வாங்கியாந்த தேங்கா, ஆல்வினு. சின்னாளப்பட்டி சந்தையில பாத்துப் பாத்து பொறுக்குனேன்னு சொன்னாரு. அழுகுன தேங்காய வாங்கியாந்து எம்பேரக் கெடுத்துட்டியே மனுசான்னு நான்... சாகுற மட்டும் அத சொல்லிக் காட்டிட்டேன். ஒரு சண்ட வந்தா அதத்தான் எடுப்பேன். 'இல்ல புள்ள, நல்ல தேங்கா புள்ள, நான் ஆட்டிப் பாத்துத்தான் வாங்குனேன்'னு சொல்லிக்கிட்டே கெடப்பாரு. பொய்யின்னுட்டேன்."

அக்கா புருசன் மிக்கேல் அண்ணன் செத்து ஏழு வருடம் ஆகிறது. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவர் அடக்கத்துக்கும் என் மைக் செட்தான்.

"அக்கா, என்ன மன்னிச்சிரு."

"என்கிட்ட கேட்டுட்ட. அவருகிட்ட நான் எப்படிக் கேக்க?"

கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனது. கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரவும் இல்லை. நான் வாசலில் நின்றேன், பிறகு வந்துவிட்டேன்.

இந்த வயிற்றுப்போக்குக் கதைக்குள் ஒரு புருசன் பெண்டாட்டி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு எங்கே நேரம்? ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு இருந்தேனே!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வேளாங்கண்ணி போகிறவர்கள் கோயில் வளாகத்தில் கூடினார்கள். ராயப்பராஜிடம் ரெண்டு நிமிடம் கேட்டேன். "அண்ணே வந்துட்டாரு, சிரிக்க ரெடியாகுங்கப்பா" என்று அவன் அறிவிப்பு வேறு.

சொன்னேன். முதல் ரெண்டு வாக்கியத்துக்குச் சிரித்தார்கள். நான் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. கிளாரா எழுந்து, "அவரு சொல்றது நெசம்" என்றாள். அதற்குப் பிறகுதான் நம்பினார்கள். மைக் செட்டுக்காரன் வார்த்தைக்கு இவ்வளவுதான் மதிப்பு.

97 பஸ்ஸில் வந்த செபாஸ்தியம்மாள் சித்தி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. "ஏலே, கடலப் பாக்கணும்னு ஆசையா வந்தேன்டா. கக்கூசத் தவிர ஒண்ணையும் பாக்கல. லூர்த நான் எம்புட்டு ஏசுனேன் தெரியுமா? பாவி."

"ஆமா சித்தி."

"என்ன ஆமா? நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகு."

கூட்டம் கலைந்ததும் ராயப்பராஜ் என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஆனந்தியவே செய்யச் சொல்லிட்டோம்ணே. அப்புறம்... வேன்ல மைக்குக்கு இந்த வருசம் வேற ஆளு."

"சரிப்பா."

"நீங்க வர்றீங்களா?"

"இல்லப்பா."

செப்டம்பர் 7

கிளாரா வேனில் போயிருக்கிறாள். போனில் சொன்னாள்: லெமன் சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு. ஆனந்தி விடியும் முன்னே ரெண்டு ஃபேன் வைத்து ஆறவிட்டாளாம். முதலில் யாரும் கையை வைக்கவில்லை. செபாஸ்தியம்மாள் சித்திதான் "கொண்டா இங்க" என்று வாங்கித் தின்றதாம். அப்புறம் எல்லோரும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்தி கடலில் இறங்கிவிட்டுக் கரையேற மாட்டேன் என்கிறதாம்.

நான் மிக்சர் தின்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

குழுவில் கேட்கிறார்கள், ஏன் அண்ணே கதை வரவில்லை என்று. பழைய கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். திராட்சைக் கதையில் ரயில்வே போர்ட்டர் முருகேசன். எறும்புக் கதையில் கண்டக்டர். எல்லாவற்றிலும் யாரோ ஒரு ஆள் கீழே கிடக்கிறார், நான் மேலே நின்று மைக் பிடித்திருக்கிறேன். இவர்களில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?

ஆனந்திக்கு அடுத்த மாதம் வரைக்கும் வேன் இருக்கிறதாம். ரோட்டில் பார்த்தால் தலையாட்டுகிறாள். மாமா என்று கூப்பிடுவதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா அப்பா கல்லறைக்குப் பூப்போட்டுவிட்டுத் திரும்பும்போது மிக்கேல் அண்ணன் கல்லறையில் லூர்தம்மாள் அக்காவைப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்திருந்தது. செவந்தி மாலை, சுண்ணாம்பு அடித்த சிலுவை. முன்னால் வாழையிலையில் சோறு. வெள்ளைச் சோறு, நடுவில் முந்திரி, கருவேப்பிலை, வதக்கிய தேங்காய்ப் பூ.

இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு தேங்காய்ச் சோறு கிண்டியிருக்கிறது.

வேறு பாதையில் போய்விடலாம் என்று திரும்பினேன். அக்கா மெழுகுவர்த்தி ஏற்றுகிறது, அணைகிறது. மறுபடி ஏற்றுகிறது. சிறுமலைப் பக்கமிருந்து காற்று வாரிக்கொண்டு வந்தது. நாலாவது குச்சியைக் கிழிக்கும்போது தலையைத் தூக்காமலே சொன்னது.

"யாரு, ஆல்வினா? காத்து அடிக்குது. இப்படி வந்து மறைச்சு நில்லு."

போய் நின்றேன். திரி பிடித்துக்கொண்டது. அக்கா கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, மிக்கேல் அண்ணனிடம் நீளமாக ஏதோ பேசியது. ஜெபம் இல்லை, பேச்சு. எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் முயலவில்லை.

மெழுகுவர்த்தி பாதி கரைகிற வரைக்கும் நகராமல் நின்றிருந்தேன்.