மூச்சு இயந்திரமும் சிவப்பு மையும்

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஓய்வுபெற்ற எனக்கு இந்த ஊர்ப் பள்ளியில் மறுபடியும் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வேலை. பிள்ளைகள் சுட்டிகள், எனக்குப் பிடித்துவிட்டது.

விமான நிலையத்தில் ஒரு கூத்து. தூக்கத்தில் மூச்சுக்கு நான் மாட்டிக்கொள்ளும் இயந்திரத்தைப் பார்த்து, கவுன்ட்டர் பெண், "ரெண்டாவது பைக்கு அனுமதி இல்ல மேடம், லக்கேஜ்ல போடுங்க" என்றாள்.

"மூக்குக்கண்ணாடிய லக்கேஜ்ல போடுவாங்களாம்மா? இதுவும் அப்படித்தான். மருத்துவக் கருவி கைப்பைகளோட கணக்குல வராதுன்னு உங்க விதியிலயே இருக்கு" என்று டாக்டரின் கடிதத்தை நீட்டினேன்.

பழக்கதோஷம், முக்கியமான வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'சரி' போட்டு வைத்திருந்தேன்.

"இத யாரு திருத்தினது?" என்று சந்தேகமாகக் கேட்டாள். இயந்திரம் பெட்டிகளோடு போய் உடைந்தால் இங்கே எப்படித் தூங்குவது? நல்லவேளை, நீங்கள் முன்பே விமான நிறுவனத்துக்குப் போன் செய்து சொன்னது அவள் கணினியில் பதிவாகியிருந்தது. "டீச்சரா நீங்க?" என்று சிரித்து, கையோடு கொண்டுபோக விட்டாள்.

திரும்பும்போது காட்ட, சிவப்பு மை படாத புதுக் கடிதம் டாக்டரிடம் வாங்கி அனுப்புங்கள். இயந்திரத்தின் முகமூடிக்குப் புதுப் பட்டையும் வேண்டும். தூக்கத்தில் நழுவினால் தட்டிச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை, விடிந்தபிறகுதான் தெரிகிறது.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் டீச்சர்