நான் பிரித்த உறையும் பிரிக்காத உறையும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஜூன் 24, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை வின்சென்டும் அங்கே அதேபோல இருக்க வேண்டும் என்று தினமும் காலைப் பூசையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருகிறோம். வாரம் மூன்று நாள் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதுமட்டும் இல்லை, சொல்ல வேண்டியது என் தப்பு ஒன்றைப் பற்றி. முப்பத்தெட்டு வருடம் நிருபராக இருந்து ஊரார் தப்பையெல்லாம் எழுதியவன் தன்னுடையதை மட்டும் வாயால் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்று தோன்றியது.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. அம்மாவின் வலது முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் டாக்டர் வீட்டுப் படி என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, நம் மொட்டை மாடிக்குத் தினமும் இரண்டு தடவை ஏறி வடகம் காயவைக்கிறாள். மல்கோவா இந்த வருடம் பிந்தி வந்து சீக்கிரம் முடிந்துவிட்டது. அம்மா உனக்காக ஊறுகாய் போட்டிருக்கிறாள், கூரியரில் எண்ணெய் கசிந்தால் காகிதங்கள் பாழாகும் என்று நான் சேர்த்து அனுப்ப மறுத்துவிட்டேன், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. உன் தற்காலிக ஆசிரியர் சான்றிதழைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் அவள்தான் விளக்கம் சொல்கிறாள். எம்பொண்ணு அமெரிக்காவுல எல் போர்டு டீச்சர், பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தாத்தான் வண்டி ஓட்டலாம், ஒரு வருசம் ஓட்டிக் காட்டினா பெரிய லைசென்ஸ் தருவாங்க என்கிறாள். நான் நாலு பத்தி எழுதினாலும் இவ்வளவு தெளிவாக வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று நீ மே மாதம் அனுப்பிய நாலு பக்கப் பட்டியலை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். மேற்பார்வையில் பயிற்சி பெறும் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் செல்லும் சான்றிதழ், உன்னை எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும், உனக்கென்று நியமித்த மூத்த ஆசிரியை இருக்கும்போது மட்டும். கைரேகை, காசநோய்ப் பரிசோதனை, பட்ட மதிப்பீடு எல்லாம் நீ அங்கேயே முடித்துவிட்டாய். இங்கிருந்து வர வேண்டியது ஒன்றே ஒன்று, பி.எட். படித்தபோது எத்தனை வாரம் மேற்பார்வையில் வகுப்பெடுத்தாய் என்று உன் கல்லூரி தரும் கடிதம். பன்னிரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் அது சேராவிட்டால் உனக்காக வைத்திருக்கும் இடம் வேறொருவருக்குப் போய்விடும், நீ இன்னும் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். பட்டியலில் ஏழாவது வரி, விவரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கவும், பிழை இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும் என்று சொல்கிறது. அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். எட்டாவது வரியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி திருச்செங்கோடு போய் உன் கல்லூரி அலுவலகத்தில் கலையரசன் என்ற எழுத்தரிடம் கடிதத்தை வாங்கினேன். பழுப்பு உறை, மூடிய இடத்தில் முதல்வரின் கையெழுத்து குறுக்கே ஓடுகிறது, அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவப்பு அரக்கு. சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் சங்ககிரி தாண்டும்போது பேனா மூடியின் முனையைக் கொடுத்து அதைப் பிரித்துவிட்டேன். அரக்கு உதிர்ந்து வேட்டியெல்லாம் சிவப்பு. ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டால் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது பொய். ஒரு எழுத்தைக் கூடப் படித்துப் பார்க்காமல் கையைவிட்டு அனுப்பிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஊரில் இறந்தவர் பெயரைக்கூட அவர் வீட்டுக்கே போன் போட்டுச் சரிபார்த்துத்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்பது உனக்குத் தெரியும். உள்ளே நாற்பது நாள் என்று இருந்தது. நீ எடுத்தது இருபது வாரம், முதலாண்டில் நாலு, இரண்டாமாண்டில் பதினாறு. எனக்கு ஒரு நிமிடம் வெற்றி பெற்றது போல இருந்தது, கொஞ்சம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் பார் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன். வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்தால் எட்டாவது வரி, உறை கல்லூரி ஒட்டிய முத்திரையோடு இருக்க வேண்டும், வேறு யார் பிரித்திருந்தாலும் செல்லாது. என் சிவப்புக் கோடு அதற்கு ஒரு விரல் மேலேயே நின்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, வழியில் உறை கிழிந்துபோனால் என்ன செய்வார்கள் என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேனே, நினைவிருக்கிறதா. வேற வாங்கணும்ப்பா, ஆனா அதுக்கு எங்க நேரம் இருக்கு என்றாய். நான் சரி என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அதுதான் இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிடப் பெரியது. அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். நாற்பது நாள் பிழையை நான்தானே கண்டுபிடித்தேன் என்று ஆரம்பித்ததும், தப்பும் பண்ணிட்டு, தப்பைக் கண்டுபிடிச்சேன்னு பெருமை வேறயா, நாளைக்கே கெளம்பிப் போங்க என்றாள். அன்று போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். ஆறு வருடம் தனியாக வகுப்பெடுத்த உனக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்து குறிப்பெழுதப் போவதை நினைத்தால் அவமானமாக இருக்கிறது என்றாய்.

திங்கட்கிழமை உடைந்த அரக்கோடு கல்லூரியில் போய் நின்றேன். கலையரசன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏனுங்க சார், பேப்பர்காரரு நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா, ஆரும் பிரிக்கக் கூடாதுன்னுதானுங்க அரக்கே வெக்கறோம் என்றார். கடிதத்தைக் காட்டினேன், முகம் மாறிவிட்டது. பி.எட். ஒரு வருடப் படிப்பாக இருந்த காலத்து மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தட்டியிருக்கிறார், அந்தக் காலத்தில் நாற்பது நாள்தான். அய்யோ, போன மாசம் ரெண்டு பேர்த்துக்கு இதையேதானுங்க குடுத்தேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார், அவர்களுக்கும் அன்றே போன் போட்டார். முதலாண்டுக் கணக்கு கல்லூரியிலேயே இருக்கிறது, திருத்தித் தருவதற்கு, இரண்டாமாண்டில் நீ பயிற்சி எடுத்த பள்ளியின் பதிவேட்டு நகல் வேண்டும் என்றார். புதன்கிழமை சங்ககிரி போனேன். தலைமையாசிரியை முத்தாயம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அடுத்த வருடம் ஓய்வாம். உன் பெயரைச் சொன்னதும், ஏனுங்க, தார்ப்பாய் டீச்சரோட அப்பாவுங்களா, உக்காருங்க என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பரப்பளவு பாடத்துக்கு ரோட்டோரம் நின்ன லாரிக்காரர்கிட்டத் தார்ப்பாயை வாங்கியாந்து, மைதானத்துல விரிச்சு, ஆறாவது புள்ளைங்களை ஸ்கேலைக் குடுத்து அளக்க வுட்டுதுங்க உங்க புள்ள, திருப்பிக் குடுக்கறப்ப தார்ப்பாயெல்லாம் சாக்பீசு, அந்த டிரைவர் போட்ட சத்தம் மலைக்கோட்டைக்கே கேட்டிருக்குமுங்க என்று சிரித்தார். இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லை.

பயிற்சி ஆசிரியர் பதிவேட்டை எடுத்து வைத்தார். பதினாறு வாரமும் அவரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், வாரத்துக்கு ஒரு குறிப்பு. முதல் வாரம், குரல் பின் பெஞ்சுக்கு எட்டவில்லை, கரும்பலகையை மறைத்து நிற்கிறார். ஐந்தாம் வாரம், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஒன்பதாம் வாரம், தார்ப்பாய்க்கு முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும், பாடம் நன்று. பதினாறாம் வாரம், இனி நான் உட்காரத் தேவையில்லை. அதை நான் இரண்டு தடவை படித்தேன். மொத வாரம் நானு பேனாவை எடுத்தாவே உங்க புள்ள பாடத்தை வுட்டுட்டு என்னையவே பாக்குமுங்க, அப்பறம் நானு ஒருத்தி பின்னால இருக்கறதையே மறந்துபோச்சு, அப்பத்தானுங்க எனக்கு நிம்மதி என்றார் அந்த அம்மாள். உன் மனவருத்தத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் கிடையாது ஜெஸ்ஸி. அங்கே பின்னால் உட்காரப் போகிறவர் எழுதுவதைக் கண்டு பயப்படாதே, வெட்கப்படாதே, வாரம் ஒரு தடவை அவரிடம் கேட்டு வாங்கிப் படி. பதிவேட்டின் அந்த நாலு பக்கத்துக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கல்லூரிக்குக் கொடுத்தேன், இன்னொன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், அது உனக்கு, எந்த அலுவலகத்துக்கும் இல்லை. தார்ப்பாய் போன்ற வேலைக்கு மட்டும் அந்த ஊரில் முன்கூட்டியே கேட்டுவிடு.

நேற்று புது உறை கிடைத்தது. முத்திரை வைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று முதல்வர் தேவிப்ரியாவிடம் கேட்டேன். நீங்க படிச்சுப் பாத்துக் குடுக்கறதுன்னா எங்க முத்திரை எதுக்குங்க சார், நான் ரெண்டு தடவை படிச்சுட்டேனுங்க, போதாதுங்களா என்றார். போதும் என்று சொல்லி உறையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை தூக்கிப் பிடித்தேன், அம்மா பார்த்துவிட்டாள். பிடுங்கி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், இப்போது கூரியர்காரர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஆறேழு நாளில் சேரும் என்கிறார், ஜூலை முதல் வாரத்துக்குள் உன் கையில் இருக்கும். உள்ளே இருபது வாரம் என்று இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. படித்துப் பார்க்காமல் நான் அனுப்புகிற முதல் காகிதம் இது.

ஞாயிற்றுக்கிழமை பொய்யாகச் சரி என்று சொன்னதற்கு அப்பாவை மன்னித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு முன்பே மாப்பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வை, அவர் அம்மாவிடம் வாரம் ஒரு தடவையாவது பேசச் சொல். அன்னை மரியாள் உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நிற்கிற வகுப்பறை உனக்கு இணங்கி வரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க உனக்குக் கை துறுதுறுக்கும், நீ என் மகள். பிரிக்காதே. அப்படியே கொண்டுபோய்க் கொடு.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா சவரிராயன்

அம்மா ஃபாத்திமா தன் பெயரையும் போடச் சொல்கிறாள். ஊறுகாய் தனிப் பெட்டியில் வருகிறதாம்.