இரவல் கதிரை

1880 ஜனவரி 12, கண்டி

காப்பி ஸ்டோரில் இன்றும் அரைநாள்தான் வேலை. போன வருடம் வரை காப்பிச் சாக்குகளில் தோட்டத்துப் பெயரை எழுதி எழுதியே கை வீங்கும். இப்போது இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் கருகிவிட்டன, என் மைச்சட்டியும் காய்ந்து கிடக்கிறது. கணக்கப்பிள்ளை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சீட்டைக் கிழிக்கப் போகிறவர் வேறு எப்படிப் பார்ப்பார்?

ஜனவரி 19

கிழித்துவிட்டார்கள்.

ஜனவரி 27

கண்டியில் வந்து தங்கியிருக்கும் கொழும்புச் சீமாட்டி, அந்த நோனா, மறுபடி ஆள் அனுப்பினாள். அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மதலேனாளைக் கேட்கிறாள். சோறு, துணி, மாதம் கொஞ்சம் பணம். என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கே இன்னும் அவள் அம்மா தெரேசாதான் தலை வாரிவிடுகிறாள். அவள் போய் இன்னொரு குழந்தையைத் தூக்குவதாம்! முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

தெரேசாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். காலைக் கஞ்சியை எனக்கும் பிள்ளைக்கும் ஊற்றிவிட்டு, தான் குடித்தாயிற்று என்கிறாள். சட்டியைப் பார்த்தால் தெரியாதா எனக்கு?

பெப்ரவரி 3

நல்ல செய்தி. வேலை போன குடும்பங்களுக்கு உதவ ஊர்ப் பெரியவர்கள் ஒரு சகாய சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த அறுவடை வரை மாதாமாதம் கையில் காசு. கோயில் உபதேசியார் வலன்ரைன் என் பெயரையும் கொடுத்துவிட்டாராம். சங்கத்து ஐயா ஒருவர் வீட்டை வந்து பார்த்த பிறகுதான் முடிவாம்.

அந்தக் காசு வந்தால் மதலேனாள் எங்கும் போக வேண்டாம். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் நோனா கொழும்புக்குத் திரும்புகிறாள். அதற்குள் வந்துவிட வேண்டும், மாதாவே.

பெப்ரவரி 10

நாளை மறுநாள் ஐயா வருகிறார். அவரை எதில் உட்காரச் சொல்வது? வீட்டில் இருப்பது ஒரு பாய். பெரிய மனிதரை நிற்க வைத்துப் பேசி அனுப்பினால் நான் என்ன மனிதன்? கடைக்கார சாஹுல் ஹமீது நானாவிடம் சொன்னேன். கைவைத்த கதிரை ஒன்றைத் தன் தலையிலேயே தூக்கிவந்து போட்டார். இரண்டு பீங்கான் கோப்பையும் ஒரு பொட்டலம் சீனியும் கொடுத்தார்.

தெரேசாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "இதெல்லாம் எதுக்குங்க? இருக்கிறபடி இருப்போமே" என்றாள். உனக்கு மரியாதை தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன்.

பெப்ரவரி 12

வந்தார். உட்கார்ந்தார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார். மதலேனாளுக்குத் திருநாள் சட்டை போட்டு நிறுத்தியிருந்தோம். ஜெபம் சொல்லச் சொன்னார், தடங்கலில்லாமல் சொன்னாள். வேறு பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனபின் வெகுநாளைக்குப் பிறகு மூவரும் சிரித்துப் பேசினோம். கிடைத்துவிடும். கிடைக்காமல் எங்கே போகும்?

மார்ச் 2

எங்கள் பெயர் இல்லை. பக்கத்து வீட்டு அங்கம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் எனக்குப் பொறாமை இல்லை — பொய். இருக்கிறது.

உபதேசியாரை மறித்துக் கேட்டேன். சொல்ல மனமில்லாமல் சொன்னார்: "கதிரையில உக்காந்து சீனி போட்டுக் காப்பி குடிக்கிற வீட்டுக்கு உதவி எதுக்குன்னு ஐயா கேட்டாரு, கபிரியேல்."

கதிரையா? அந்தக் கதிரையா? ஐயோ, அவரு உக்காரத்தானே போட்டேன். அவருக்குத்தானே...

மார்ச் 4

ஐயா வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்றேன். கதிரை, கோப்பை, சீனி எல்லாமே இரவல் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னிக்கு இல்லாதத இருக்குன்னு காட்டினீங்க. இன்னிக்கு இருக்கிறத இல்லைன்னு சொல்லலன்னு நான் எப்படி நம்புறது?"

கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

நானாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை. அவர் தாங்க மாட்டார்.

மார்ச் 15

பிலிமத்தலாவையில் ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்து போனேன். எனக்கு முன்பே ஒரு கூட்டம் நின்றது. திரும்பி வந்தால் தெரேசா கிணற்றடியில் மயங்கி விழுந்திருக்கிறாள். அங்கம்மாதான் தூக்கிவந்தாளாம்.

கண் விழித்ததும், "நோனாவுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள். கதிரையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நாலு திட்டுத் திட்டினால் மனது கொஞ்சம் ஆறும்.

மார்ச் 31

மதலேனாளை நோனாவோடு ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். அழுவாள் என்று நினைத்தேன். ரயிலில் போகிற சந்தோஷத்தில் கையைக் கையை ஆட்டினாள்.

மே 6

ஆண் பிள்ளை. மதலேனாளின் சம்பளத்தில் தெரேசாவுக்குப் பத்தியச் சோறு.

ஆகஸ்ட் 20

பெரஹெரா ஊர்வலம் பார்க்க நோனா குடும்பத்தோடு வந்திருக்கிறாள். மதலேனாளை ஒரு பகல் எங்களிடம் விட்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வந்ததும் தம்பியை வாங்கிப் பழகிய கையாக இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மா பூரித்துப்போனாள்.

மத்தியானம் தெரேசா மூவருக்கும் சோறு போட்டாள். மதலேனாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விட்டாள். ஏதோ விளையாட்டு என்று இருந்தோம். எட்டிப் பார்த்தேன். சுவரோரமாகக் குந்தி, அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதலேனா, என்று கூப்பிட்டேன்.

வேலை ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.