எல்வின் நாற்காலிக்கு ஒரு தட்டு

12 செப்டம்பர் 2023, செவ்வாய்

இன்றும் தேயிலை ஃபேக்டரி கண்ணாடி முழுக்கப் பனி. ருசி பார்க்கும் அறையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் ஓடவிட்டு, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே டீ மேக்கர் மகேன் அண்ணன் சொன்னார்: "பூண்டு, வெங்காயம், சம்பல் எல்லாம் கொஞ்சம் பாத்துக்கம்மா. நமக்கு நாக்குதான் சோறு போடுது."

அதை எப்படிப் பிடித்துக்கொண்டேன் நான்! முதலில் பூண்டு போனது. பிறகு மிளகாய். பிறகு கறி, எண்ணெய் பட்டதெல்லாம். பிறகு சோறும் பாதி போனது. எல்லாரும் மெச்சினார்கள். "எம்பொண்ணு நாக்கு வேலைக்காரி, கண்டதையும் திங்கமாட்டா" என்று அம்மா சர்ச்சில் பெருமையடித்தாள். இது எதுவரைக்கும் போகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசிக் கோப்பையில் குனிந்தபோது தேநீரில் என் முகம் தெரிந்தது. நான் நிமிர்ந்தேன். அது கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தது.

15 செப்டம்பர், வெள்ளி

வெயிலில் நின்றாலும் குளிர்கிறது. கை முழுக்க மெல்லிய பூனைமுடி முளைத்திருக்கிறது. இது யாருடைய கை?

24 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டில் அம்மாவும் நானும்தான். தம்பி எல்வின் சிங்கப்பூர் போனதிலிருந்து மேசையில் அவன் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

"ரசம் எப்படிடி?"

"சரியா இருக்கும்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உப்பே போடலடி அதுல. மறந்துட்டேன்."

மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. எல்லாமே வெந்நீர் மாதிரிதான் இருக்கிறது — எத்தனை நாளாக? கோப்பை கோப்பையாக நான் பாஸ் பண்ணி அனுப்பினேனே, அதெல்லாம் என்ன?

3 அக்டோபர், செவ்வாய்

ஃபேக்டரி படியில் விழுந்துவிட்டேன். மகேன் அண்ணன் தன் காரில் தூக்கிப்போட்டு கம்போங் ராஜா கிளினிக்கிற்குக் கொண்டுபோனார். டாக்டர் இரத்தம் எடுத்தார், இதயத் துடிப்பைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. சாப்பாடு சம்பந்தப்பட்ட மனநோய் இது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அம்மாவிடமே சொன்னார். ஈப்போவில் இரண்டு பேரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர்.

மனநோயா? எனக்கா? நான் என்ன பைத்தியமா? கொஞ்சம் கம்மியா சாப்பிடுறேன், அவ்வளவுதானே! அதுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?

12 அக்டோபர், வியாழன்

உணவியல் நிபுணர் பெயர் நஜிஹா. தாப்பா ஊர்க்காரர். வாப்பா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். "எடுத்ததும் நெறைய சாப்பிடச் சொல்லமாட்டேன்மா, பயப்படாதீங்க. ரொம்ப நாள் காஞ்சு கெடந்த ஒடம்பு. திடீர்னு கொட்டுனா அதுவே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம், டாக்டரும் ரத்தத்தைப் பாத்துக்கிட்டே இருப்பார்" என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனசுக்குள் ஒரு குரல், என் குரல்தான், ஆனால் என்னைவிட நிதானமாக, "ஆட்டு, ஆட்டு. வீட்டுக்குப் போய் நாம பாத்துக்கலாம்" என்றது.

நாம என்றது.

19 அக்டோபர், வியாழன்

மனநல நிபுணர் கோகிலன். அதிகம் பேசுவதில்லை. "தனியா சாப்பிட உக்காரும்போது தனியாதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். தூக்கிவாரிப்போட்டது. வேலைக் கவலை, அப்பா இறந்த கவலை என்று எதையோ சொல்லி ஒப்பேற்றினேன்.

நஜிஹாவிடம் "சாப்பிடுறேன்." இவரிடம் "கவலைதான், வேற ஒண்ணுமில்ல." ஆளுக்குப் பாதி. உள்ளே இருந்து பேசுகிற அவளுக்கு ரொம்பத் திருப்தி.

2 நவம்பர், வியாழன்

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை, அப்படி ஒரு காற்று. எங்கள் லைன் வரிசையில் அடுத்த வீட்டு செல்லம் அக்காவும் பூ வைக்க வந்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். காற்றில் எல்லாம் காதில் விழுந்தது.

"ரோஸ்மேரி, இது வியாதி இல்ல லா. பட்டினியா செத்த எதுவோ புள்ளகூட ஒட்டிக்கிச்சு. அதுக்குத் தனியா ஒரு தட்டு போடு. அது சாப்பிடும்போது மட்டும் வீட்டுப் பெரியவங்க அந்தப் பக்கம் பாக்கக் கூடாது. வயிறு நெறஞ்சா தானா எறங்கிப் போயிரும்."

ஜெபமாலையும் கையுமாகத் திரிகிற அம்மா மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். சாயங்காலம் எல்வின் நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தாள். சோறு, பருப்பு, நெத்திலி சம்பல். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரில் இருக்கும் இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எங்களுக்கு. பார், நானே எழுதிவிட்டேன்.

10 நவம்பர், வெள்ளி

இவ்வளவு வசதியாக எனக்கு எதுவும் அமைந்ததே இல்லை. அம்மா முதுகைத் திருப்பியதும் என் தட்டில் இருப்பது அந்தத் தட்டுக்குப் போய்விடுகிறது.

முன்பு அவளுக்குக் குரல் மட்டும்தான் இருந்தது. இப்போது இடம் கிடைத்துவிட்டது. நிமிர்ந்து உட்காருகிறாள். சாப்பிடுவதில்லை, என்னையே பார்க்கிறாள்.

18 நவம்பர், சனி

அம்மாவும் செல்லம் அக்காவும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொறையலக்கா. நான் வெச்சதவிட கூட இருக்கு. தெனமும் கூட இருக்கு."

"அலமாக்! சாப்பிடாம தட்டை நெரப்புதா? அப்படி நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா, நீ பயந்து சாகுற, நான் சிரிக்கிறேனே. நான்தானா சிரிச்சேன்?

6 டிசம்பர், புதன்

மகேன் அண்ணன் கோப்பையை என் முன்னால் நகர்த்தினார். "குடிச்சுப் பாரு. துப்பாத, முழுங்கு." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அடுப்புப் புகை, மூக்கைத் தொளைக்குதுமா. இதை நீ பாஸ் பண்ணியிருக்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உடம்பு தேறும்வரை பேக்கிங் பக்கம் இருக்கச் சொல்லிவிட்டார். நாக்கு திரும்பினால் ருசி அறை நாற்காலி உனக்குத்தான் என்றார்.

நாக்குக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டேன். இப்போது நாக்கே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

12 டிசம்பர், செவ்வாய்

இன்று நான் எதையும் மாற்றவில்லை. சத்தியமாக இல்லை. அழுத களைப்பு, கை மேசைமேலேயே கிடந்தது. அம்மா எழுந்து திரும்பிப் பார்த்தபோது என் தட்டு காலி. அந்தத் தட்டில் சோறு குவிந்திருந்தது.

என் விரலில் பருப்பு காய்ந்திருந்தது.

எனக்குத் தெரியாம என் கையை யாரு எடுத்துக்கிட்டா? ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு.

14 டிசம்பர், வியாழன்

கோகிலனிடம் அவளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நாற்காலி, பார்வை, நாம என்று பேசுவது, எல்லாம். தட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "அவங்க வந்து உக்காந்ததும் நீங்க என்ன செய்யறீங்க?" என்றார். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

25 டிசம்பர், திங்கள்

எல்வின் வந்திருக்கிறான். மத்தியானம் பிரியாணி. பழக்கதோஷத்தில் தன் நாற்காலியை இழுத்தான். அம்மா வீடே அதிர, "அங்க உக்காராத!" என்று அலறினாள்.

"என்னம்மா, இது என் நாக்காலி லா!"

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், தட்டு நிறைவது உட்பட. எல்வின் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டான், ஆனால் சாப்பிடவில்லை.

"அம்மா, இதை அப்படியே அந்த ஈப்போ டயட்டீஷன்கிட்ட சொல்லுங்க. ஒண்ணு விடாம."

11 ஜனவரி 2024, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

அம்மா நஜிஹாவிடம் நிறையும் தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். என் கையெழுத்தில் அவர்கள் முன்பே ஒரு சம்மதம் வாங்கியிருந்தார்கள், இருவரும் என்னைப் பற்றிக் கலந்து பேசலாம் என்று. நஜிஹாவுக்குத் தட்டு தெரியும், நாற்காலி தெரியாது. கோகிலனுக்கு நாற்காலி தெரியும், தட்டு தெரியாது. இன்று இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் மூன்று தட்டு, சோறு, பருப்பு, அவித்த முட்டை.

கத்தினேன். துரோகம் என்றேன். "கத்துங்க, கத்திட்டு உக்காருங்க, சோறு ஆறிரும்" என்றார் நஜிஹா.

பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்க மூளையும் பட்டினிமா. பட்டினி கெடக்குற மூளை இல்லாததைக் காட்டும், இருக்கிற ருசியை மறைக்கும். நான் சோறு போடாம கோகிலன் எவ்வளவு பேசுனாலும் உங்களுக்கு ஏறாது."

"ஆனா இவங்க சோறு போட்டா மட்டும் போதுமா?" என்றார் கோகிலன். "அதை அந்தத் தட்டுக்குத் தள்ளிட்டுப் போயிருவீங்க. ஏன் தள்ளறீங்கன்னு நாம பேசணும். சாப்பிடறப்பவே பேசணும், பயம் இருக்கறப்பவே." சொல்லிக்கொண்டே பருப்பைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பு என்னுடையது.

ஒவ்வொரு வாய்க்கும் அவள் என்ன சொல்கிறாள் என்று உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்க அசிங்கமாக இருந்தது. இதையா இத்தனை நாள் எனக்குள் வைத்திருந்தேன்?

கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார்கள்: தனித் தட்டு இனி வேண்டாம். முதுகு காட்ட வேண்டாம். பார்க்க வேண்டும். நான் எல்வின் நாற்காலியில் உட்கார வேண்டும்.

14 ஜனவரி, ஞாயிறு

அந்த நாற்காலி குளிராக இருக்கும் என்று நினைத்தேன். சாதாரண நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நஜிஹா சொன்ன அளவில் தட்டு. நான் நிமிர்ந்தேன்.

எதிரே, என் பழைய நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

என் ஜாக்கெட்தான் போட்டிருந்தாள். அது அவள் தோளில் நிற்கவில்லை, ஹேங்கரில் தொங்குவது மாதிரி தொங்கியது. கன்னம் உள்ளே போயிருந்தது. கை மேசைமேல் கிடந்தது, பூனைமுடி முளைத்த கை. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பசி அந்தக் கண்ணில்.

ஐயோ, இதையா அம்மா இத்தனை மாசமா தெனமும் பாத்துக்கிட்டு இருந்தா? இதைப் பாக்க முடியாமத்தான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாளா?

"என்னடி?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கூடவே இரு."

பாதி சாப்பிட்டேன். அவள் எழுந்து போகவில்லை.

2 பிப்ரவரி, வெள்ளி

முடியல. தட்டைத் தள்ளிட்டேன். இன்னிக்கு அவதான் ஜெயிச்சா.

14 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். எல்லாருக்கும் உபவாசம். காலையிலிருந்து அவள் குதூகலமாக இருந்தாள்: "இன்னிக்கு யாரும் கேக்கமாட்டாங்க. சாமியே சொல்லியிருக்கு." சாம்பல் வாங்கும்போது ஃபாதரிடம் கேட்டேவிட்டேன். "நோயாளிக்கு உபவாசம் இல்லம்மா. இந்தத் தவக்காலத்துல நீ சாப்பிடுறதுதான் உனக்கு ஒறுத்தல்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒறுத்தல் செய்தேன். எதிர் நாற்காலியில் பனி மாதிரி ஏதோ இருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை.

13 மார்ச், புதன்

ஒரு வாரம் மோசம், ஒரு வாரம் தேவலை. நஜிஹா அளவை ஏற்றிவிட்டார், அன்றைக்கே கோகிலனுக்கும் சொல்லிவிட்டார். ஏற்றினால் நான் ஆடிப்போவேன் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. இப்போது ஆளுக்குப் பாதி சொல்ல வழியில்லை. எரிச்சலாகவும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது.

பேக்கிங் அறையில் பெட்டிமேல் ஏதோ மணத்தது. நின்று மோந்தேன். தேயிலை. தேயிலை வாசம்தான்! எனக்குத் தெரிந்தது!

31 மார்ச், ஞாயிறு

உயிர்ப்புத் திருவிழா. எதிர் நாற்காலியில் அம்மா துவைத்த துணியை மடித்து வைத்திருந்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

21 ஏப்ரல், ஞாயிறு

சாயங்காலம் அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். எல்வின் நாற்காலிக்கு முன்னால் எனக்குத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். சோறு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல், ஓரத்தில் நெத்திலி சம்பல். பார்க்க யாரும் இல்லை. அம்மா இல்லை, அவளும் இல்லை. வீட்டில் என்னுடைய சத்தம் மட்டும்தான்.

சாப்பிட்டேன். முழுத் தட்டும், முதல் முறையாக. அதை அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

கதவு திறக்கும் சத்தம். பிறகு அம்மாவின் அலறல்:

"செல்லம் அக்கா! ஓடி வாங்களேன்! தட்டு காலியா கெடக்குது! அது சாப்பிட்டுருச்சு!"

ஈரத் தலையோடு ஓடிவந்தேன். அம்மா மேசையருகே, ஒரு பருக்கை இல்லாத தட்டைப் பார்த்தபடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பொத்தென்று என் பழைய நாற்காலியில், துணிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டாள்:

"ரசம் எப்படிடி இருந்துச்சு?"

"உப்பு கூடிப்போச்சும்மா."